ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

வாரம் தவறாமல் தொடர்கதை படிக்கும் உங்களிடம் ஒரு கேள்வி.

முப்பது வாரமாக ஒரு கதையைப் படித்து வருகிறீர்கள். கதாநாயகன் உங்கள் வீட்டுப் பிள்ளையைப் போலவே ஆகிவிட்டான். அவனுக்குக் காய்ச்சல் என்றால் உங்களுக்குச் சோறு இறங்குவதில்லை. முப்பத்தோராவது வாரம் ஆவலோடு பத்திரிகையைப் பிரிக்கிறீர்கள். அங்கே கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு: "சென்ற வாரம் வரை இந்தக் கதையில் வந்த கதாநாயகன் இனிமேல் வேறொரு பத்திரிகையின் கதையில் வருவான். அவனுக்குப் பதிலாக அங்கிருந்து ஒருவரைப் பெற்றுக் கொண்டிருக்கிறோம். இவரும் கெட்டிக்காரரே. தொடர்ந்து படித்து ஆதரிக்கவும்."

என்ன செய்வீர்கள்? பத்திரிகையை மூலையில் வீசுவீர்கள். ஆசிரியருக்கு நாலு பக்கம் கடிதம் எழுதுவீர்கள். அடுத்த வாரம் கடைக்காரரிடம், "இனிமேல் போட வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லி விடுவீர்கள். இல்லையா?

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் டல்லாஸ் என்று ஒரு பெரிய நகரம். 2025-ம் வருஷம் பிப்ரவரி 1-ந் தேதி, சனிக்கிழமை இரவு, அந்த ஊர் ஜனங்களுக்கு இதேதான் நடந்தது. அவர்களுடைய கதாநாயகர் ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரர். பெயர் லூகா டோன்சிச். வயது 25.

"பந்து விளையாட்டுச் சங்கதி நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஓர் ஊர் முழுவதும் ஏன் கண் கலங்கியது, ஏன் கோபம் கொண்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நடு நிசிச் செய்தி

இரவு மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. டல்லாஸில் பலர் படுக்கப் போய்விட்டார்கள். அப்போது கைப்பேசிகளில் ஒரு செய்தி வந்தது. விளையாட்டுச் செய்திகளை முந்தித் தருவதில் பேர் போன ஷாம்ஸ் சரானியா என்னும் நிருபர் அதை எழுதியிருந்தார். டல்லாஸ் மாவெரிக்ஸ் கோஷ்டி, தன்னுடைய நட்சத்திர ஆட்டக்காரரான லூகாவை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் கோஷ்டிக்குக் கொடுத்து விட்டதாம். பதிலுக்கு லேக்கர்ஸின் ஆந்தனி டேவிஸ் டல்லாஸுக்கு வருகிறாராம்.

யாரும் நம்பவில்லை. நிருபருடைய பெயரில் வேறு யாரோ புகுந்து விஷமம் செய்கிறார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். இது உண்மைதான் என்று அவரே இன்னொரு முறை எழுத வேண்டி வந்தது.

ரசிகர்கள் கிடக்கட்டும். லூகாவே நம்பவில்லை! தூக்கம் கண்ணைச் சுற்றும் வேளையில் தொலைபேசியில் விஷயத்தைக் கேட்டதும், இன்று ஏப்ரல் 1-ந் தேதியோ என்று பார்த்தாராம். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் நிருபர்களிடம் அவரே இதைச் சொன்னார். டல்லாஸ் கோஷ்டியின் பயிற்சியாளர் ஜேஸன் கிட்டுக்குக் கூட எல்லாம் முடிகிற தறுவாயில்தான் தெரியுமாம்.

ஸ்லோவேனியாவிலிருந்து வந்த பிள்ளை

லூகா அமெரிக்கர் அல்ல. ஐரோப்பாவில் ஸ்லோவேனியா என்று ஒரு சின்னஞ்சிறு தேசம்; ஜனத்தொகை சுமார் 21 லட்சம்தான். அதன் தலைநகரான லூபிளியானாவில் 1999-ம் வருஷம் பிறந்தவர். நம் வீட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருக்கும் 13 வயதில், ரியல் மாட்ரிட் கோஷ்டிக்காக வீட்டை விட்டு ஸ்பெயினுக்குப் போனார். பாஷை தெரியாத ஊர்; பழக்கமில்லாத சாப்பாடு. அங்கே வளர்ந்து, 19 வயதில் ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தார்.

2018-ல் டல்லாஸுக்கு வந்தார். வந்த முதல் வருஷமே புது ஆட்டக்காரர்களில் சிறந்தவர் என்ற பரிசு. பிறகு 2020 முதல் 2024 வரை வருஷம் தவறாமல், தேசத்திலேயே தலைசிறந்த ஐந்து பேரில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2024 ஜனவரியில் அட்லாண்டாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 73 புள்ளிகள் எடுத்தார். அந்த வருஷமே தம் கோஷ்டியை இறுதிச் சுற்று வரை இழுத்துச் சென்றார். பாஸ்டனிடம் தோற்றார்கள். அதனால் என்ன? "அடுத்த வருஷம் பார்த்துக் கொள்ளலாம், நம் லூகா இருக்கிறானே!" என்று ஊரார் இருந்தார்கள்.

அவர்கள் அப்படி இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. லூகாவுக்கு முன் அந்த ஊரில் டர்க் நோவிட்ஸ்கி என்று ஒருவர் ஆடினார். ஜெர்மனியிலிருந்து 1998-ல் வந்தவர். வேறு கோஷ்டிக்குப் போகாமல், ஒரே ஊரில், ஒரே உடுப்பில் 21 பருவங்கள் ஆடினார். 2011-ல் டல்லாஸுக்கு முதல் முதலாகச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2022-ம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று, ஆட்ட அரங்கத்தின் வாசலில் அவருக்குச் சிலை வைத்தார்கள். விசுவாசம் ஒரு நாளும் மங்குவதில்லை என்ற கருத்துள்ள வாசகத்தை அதில் பொறித்தார்கள்.

டர்க் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசிப் பருவத்தில்தான் லூகா வந்தார். பெரியவர் எழுந்து நின்று பிள்ளையின் கையில் சாவிக் கொத்தைக் கொடுத்த மாதிரி இருந்தது ஊராருக்கு.

எவர்சில்வர் வியாபாரம்

இந்தக் கதையை எங்கள் எதிர் வீட்டு மாமியிடம் சொன்னேன். மாமி கூடைப்பந்து ஆட்டம் பார்த்தவரல்ல. ஆனால், கேள்வி கேட்பதில் வக்கீல்.

"ஆட்டக்காரனை எப்படி அப்பா மாற்றிக் கொள்வார்கள்? அவன் என்ன பாத்திரமா?" என்றார்.

நல்ல கேள்வி. பழைய பட்டுப் புடவையைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்குகிறோம் அல்லவா? கிட்டத்தட்ட அதே முறைதான். அமெரிக்கக் கோஷ்டிகள் ஆட்டக்காரர்களோடு ஒப்பந்தம் செய்து கொள்கின்றன. அந்த ஒப்பந்தத்தை இன்னொரு கோஷ்டிக்கு அப்படியே மாற்றிக் கொடுக்கலாம். ஒப்பந்தம் எங்கே போகிறதோ அங்கே ஆளும் போக வேண்டும். லூகாவின் விஷயத்தில் மூன்று கோஷ்டிகள் சேர்ந்து மாற்றிக் கொண்டன. டல்லாஸுக்கு டேவிஸும், மாக்ஸ் கிறிஸ்டி என்ற இளைஞரும், 2029-ம் வருஷத்தில் புது ஆட்டக்காரர் ஒருவரை முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடைத்தன.

"அந்தப் பையனை ஒரு வார்த்தை கேட்டார்களோ?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. 'என் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக் கொள்ள வேண்டுமானால் குறைந்தது 8 வருஷமாவது ஆடியிருக்க வேண்டும். லூகாவுக்கு அது ஏழாவது வருஷம். அப்போது அவர் வீட்டில் ஒரு வயது தாண்டிய பெண் குழந்தை வேறு.

மாமி சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பழம் புடவையைப் போட்டுப் பாத்திரம் வாங்கலாம். கூறைப் புடவையைப் போடுவார்களோ?"

டல்லாஸ் ரசிகர்கள் மாதக் கணக்கில் கத்தியதன் சாரம் இதுதான்.

சிலையடியில் மலர்கள்

செய்தி உண்மை என்று தெரிந்ததும் ரசிகர்கள் எங்கே போனார்கள் தெரியுமா? கோஷ்டியின் ஆபீசுக்கு அல்ல. டர்க் நோவிட்ஸ்கியின் சிலைக்கு. அங்கே மலர்களை வைத்தார்கள். லூகாவின் பெயர் பொறித்த பனியன்களை வைத்தார்கள். சிலர் ஒரு சவப்பெட்டியையே கொண்டு வந்து விட்டார்கள். வேடிக்கைதான், ஆனால் முழுவதும் வேடிக்கை அல்ல. 'விசுவாசம் மங்காது என்று கல்லில் எழுதி வைத்தீர்களே, அது எங்களுக்கு மட்டும்தானா? உங்களுக்கு இல்லையா?' என்று கேட்காமல் கேட்டார்கள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, பிப்ரவரி 8-ந் தேதி, டல்லாஸில் ஆட்டம். அரங்கத்துக்கு வெளியே கூட்டம் கூடிக் கோஷம் போட்டது. கோஷ்டியின் மானேஜர் நிக்கோ ஹாரிசன்தான் இந்த மாற்றலைச் செய்தவர். ஆகவே "நிக்கோவை நீக்கு!" என்பதே கோஷம். அந்தக் கோஷம் பிறகு பல ஆட்டங்களில் கேட்டது. அதே அரங்கத்தில் நடந்த பனி ஹாக்கி ஆட்டங்களில் கூடக் கேட்டது!

பாவம், ஆந்தனி டேவிஸ். 2020-ல் லேக்கர்ஸோடு சாம்பியன் பட்டம் பெற்றவர். எதிரியைத் தடுத்து ஆடுவதில் சூரர். அழுகிற வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல வந்தார். முதல் நாளே 26 புள்ளிகள் எடுத்துப் பிரமாதமாக ஆடினார். மூன்றாவது கால் பகுதியில் தொடை இடுக்கில் தசை பிடித்துக் கொள்ள, வெளியே போனார். பல வாரங்கள் ஆட முடியவில்லை. மார்ச் 3-ந் தேதி இன்னொரு பெரிய ஆட்டக்காரரான கைரி இர்விங்கின் முழங்கால் தசைநார் அறுந்தது. இந்த லட்சணத்தில், அடுத்த வருஷத்து சீஸன் டிக்கெட் விலையையும் உயர்த்தினார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் இதுதான்.

மானேஜர் கட்சி

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், மானேஜரின் கட்சியையும் கேட்க வேண்டும்.

நிக்கோ ஹாரிசன் ஒன்றும் தெரியாதவர் அல்ல. நைக்கி காலணிக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். லூகாவோடு இறுதிச் சுற்றுக்குப் போன கோஷ்டியைச் சேர்த்தவரும் அவர்தான். அவருடைய வாதம் இதுதான்: பட்டம் வெல்வதற்குப் புள்ளி எடுப்பதைவிடத் தடுத்து ஆடுவது முக்கியம். லூகாவுக்கு அது போதாது. அவர் உடம்பைக் கவனித்துக் கொள்ளவில்லை என்ற முணுமுணுப்பும் இருந்தது. அந்தப் பருவத்தில் டல்லாஸுக்காக அவர் ஆடியது 22 ஆட்டங்களே. கிறிஸ்துமஸ் அன்று கெண்டைக் காலில் அடிபட்டு உட்கார்ந்திருந்தார். கோடையில் அவருக்கு ஐந்து வருஷத்துக்கு 34 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்துப் புது ஒப்பந்தம் எழுத வேண்டியிருந்திருக்கும். அத்தனை பெரிய தொகையைப் போடுமுன் யோசிப்பது குற்றமல்ல.

யோசித்தது சரி. ஆனால் செய்த விதம்?

ஹாரிசனும் லேக்கர்ஸ் மானேஜர் ராப் பெலிங்காவும் பழைய சிநேகிதர்கள். 2025 ஜனவரியில் டல்லாஸில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து பேச்சைத் தொடங்கினார்கள். மூன்று வாரத்துக்கு மேல் பரம ரகசியமாகப் பேசினார்கள். வெளியே கசிந்தால் ஊர் கொதிக்கும், காரியம் கெட்டுவிடும் என்பதால் மற்றக் கோஷ்டிகள் பலவற்றுக்கு மூச்சு விடவில்லை.

வீட்டில் ஒரு நகையை விற்க வேண்டி வந்தால் நாம் என்ன செய்வோம்? நாலு கடை ஏறி விலை கேட்போம். ஒரே கடையில், அதுவும் தெரிந்தவர் கடையில், கதவைச் சாத்திக் கொண்டு விற்றால் வீட்டார் என்ன நினைப்பார்கள்? 25 வயதுப் பிள்ளையைக் கொடுத்து 31 வயதுக்காரரை வாங்கியதும் அல்லாமல், அதற்குமேல் கிடைத்ததும் இவ்வளவுதானா என்று விமரிசகர்கள் கேட்டார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஊராருக்குத் தெரிந்தால் காரியம் நடக்காது என்று ஹாரிசனுக்குத் தெரிந்திருந்தது. அப்படியானால் ஊராருடைய மனசும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஏப்ரல் மாதம் நிருபர்கள் கேட்டபோது, லூகா ரசிகர்களுக்கு முக்கியமானவர் என்று தெரியும், ஆனால் எந்த அளவுக்கு என்பது சரியாகத் தெரியவில்லை என்கிற கருத்தில் பதில் சொன்னார். ஆட்டக்காரர்களின் உயரம், எடை, புள்ளிக் கணக்கு எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர், இந்த ஒரு கணக்கை மட்டும் போட மறந்து விட்டார்.

அழுதுகொண்டே எடுத்த 45

ஏப்ரல் 9-ந் தேதி, லூகா டல்லாஸுக்குத் திரும்பி வந்தார். எதிர்க் கோஷ்டியின் உடுப்பில்.

அரங்கத்தில் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பனியன் போட்டிருந்தார்கள். அதில் ஸ்லோவேனிய பாஷையில் 'ஹ்வாலா ஸா வ்ஸே' என்று எழுதியிருந்தது. 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று அர்த்தம். ஆட்டம் தொடங்குமுன் விளக்குகளை அணைத்துவிட்டு, லூகாவின் டல்லாஸ் நாட்களைப் படமாகக் காட்டினார்கள். லூகா பெஞ்சியில் உட்கார்ந்து பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கண்ணீர் பெருகியது. துண்டால் முகத்தை மூடிக் கொண்டார். இருபதாயிரம் பேர் முன்னால், ஆறடிக்கு மேல் உயர்ந்த ஆண் பிள்ளை, தேம்பித் தேம்பி அழுதார்.

அழுதுவிட்டு எழுந்து போய் 45 புள்ளிகள் எடுத்தார்! லேக்கர்ஸ் 112, டல்லாஸ் 97. சொந்தக் கோஷ்டி தோற்கிறது. ஆனால், தோற்கடிக்கிறவருக்கே ஊர் கை தட்டுகிறது. இடையிடையே "நிக்கோவை நீக்கு!"

லூகாவும் ஊரை மறக்கவில்லை. பிப்ரவரியிலேயே டல்லாஸ் தினசரிப் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் விளம்பரமாக வாங்கி, ஊராருக்கு நன்றி சொல்லி எழுதியிருந்தார். புதுக் கோஷ்டிக்காக அவர் முதன் முதல் ஆடிய பிப்ரவரி 10-ந் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் அரங்கத்தில் முன் வரிசையில் ஒரு நெட்டை மனிதர் உட்கார்ந்திருந்தார். யார் தெரியுமா? சிலை நாயகர் டர்க் நோவிட்ஸ்கி!

எட்மண்டன் சொன்ன பாடம்

டல்லாஸ் அந்த வருஷம் 39 ஆட்டங்களில் வென்று 43-ல் தோற்றது. பந்தயத்தின் பெரிய சுற்றுக்கே போக முடியவில்லை. "தோற்றதால்தானே இவ்வளவு கோபம்? ஜெயித்திருந்தால் மறந்திருப்பார்கள்" என்று நீங்கள் நினைக்கலாம்.

கனடா தேசத்தில் எட்மண்டன் என்ற ஊர்க்காரர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். பனி ஹாக்கியில் இணையற்றவரான வேய்ன் கிரெட்ஸ்கியை அவ்வூர் முதலாளி 1988 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்து விட்டார். விடை பெறும்போது கிரெட்ஸ்கி பேச முடியாமல் அழுதார். ஊரார் முதலாளியின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். இதைத் தடுக்க வேண்டும் என்று கனடா பார்லிமெண்டில் ஓர் அங்கத்தினர் சர்க்காரைக் கேட்டார்! இரண்டே வருஷத்தில், 1990-ல், கிரெட்ஸ்கி இல்லாமலே எட்மண்டன் பட்டம் வென்றது. ஆனாலும் அந்த முதலாளியின் பெயரைச் சொன்னால் அந்த மாற்றல்தான் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வந்தது. வெற்றி வேறு, மனப் புண் வேறு.

டல்லாஸுக்கும் அதிருஷ்டம் அடித்தது. புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் குலுக்கலில் முடிவு செய்வார்கள். 2025 மே மாதக் குலுக்கலில், நூற்றுக்கு 1.8 பங்கே வாய்ப்பு இருந்த டல்லாஸுக்கு முதல் இடம் விழுந்தது! கூப்பர் ஃபிளாக் என்ற 18 வயது மகா கெட்டிக்காரர் வந்து சேர்ந்தார். ஊர் மகிழ்ந்தது. ஆனால் கோஷம் நிற்கவில்லை. ஆகஸ்டில் லூகா லேக்கர்ஸோடு மூன்று வருஷத்துக்கு 16 கோடியே 50 லட்சம் டாலருக்குப் புது ஒப்பந்தம் எழுதினார். கதவு சாத்தியாகி விட்டது.

கடைசியில்

நவம்பர் 10-ந் தேதி டல்லாஸ் இன்னொரு தோல்வி கண்டது. அன்று கோஷ்டியின் சொந்தக்காரர்களில் முக்கியமானவரான பாட்ரிக் டூமாண்ட் அரங்கத்தில் இருந்தார். லூகாவின் மஞ்சள் லேக்கர்ஸ் பனியனைப் போட்டுக் கொண்டிருந்த 18 வயது இளைஞன் ஒருவன் அவர் அருகே போனான். முன்னொரு சமயம் அவரைப் பார்த்து மரியாதைக் குறைவாக நடந்து கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டான். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு பேசினார் முதலாளி. லூகாவைக் கொடுத்தது பற்றி அவருக்கும் வருத்தம் உண்டு என்று தனக்குத் தோன்றியதாகப் பையன் பிறகு சொன்னான்.

மறுநாள் நிக்கோ ஹாரிசன் பதவி நீக்கப்பட்டார். ரசிகர்களுக்கு முதலாளி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்.

ஒன்பது மாதம் கழித்துக் கடிதம்! ஹாரிசனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். ஒவ்வொரு நாளும் ஆயிரக் கணக்கானவர்கள் தம் பெயரைச் சொல்லி 'நீக்கு' என்று கத்துவதைக் கேட்டு உட்கார்ந்திருப்பது லேசல்ல. ரசிகர்களின் கோபத்திலும் எல்லை மீறியது உண்டு. அதை மெச்ச வேண்டியதில்லை. ஆனால், அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்து கொள்ளாமல் இருக்கவும் முடியாது.

சட்டப்படி கோஷ்டி முதலாளியுடையது. பத்திரம் அவர் பெட்டியில் இருக்கிறது. டிக்கெட் வாங்குகிறவனுக்கு அன்றைய நாற்காலி மட்டும்தான் சொந்தம். ஆனால் அந்த நாற்காலியில் அவன் வருஷக் கணக்காக உட்கார்ந்து, குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டி, தோற்ற இரவுகளில் சாப்பிடாமல் படுத்து, ஒரு சொத்துச் சேர்த்து வைத்திருக்கிறான். அது எந்தப் பத்திரத்திலும் ஏறுவதில்லை. விற்கும்போது மட்டும் அதுவும் சேர்ந்து விலை போய்விடுகிறது.

முழுக் கதையையும் கேட்டு முடித்ததும் எதிர் வீட்டு மாமி எழுந்தார். வாசல்படி தாண்டும்போது திரும்பி, "எல்லாம் சரி. ஒவ்வொரு மாற்றலுக்கும் ஊரைக் கூட்டிக் கேட்க முடியுமோ? முடியாதுதான். ஆனால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, 'இப்படி ஒரு யோசனை இருக்கிறது, அப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர் அதைக் கேள்விப்பட்டால் பாதி ஆறிப் போயிருக்கும்" என்றார்.

கூடைப்பந்தைப் பார்த்தே அறியாத மாமிக்குத் தெரிந்திருக்கிறது.